பிராதில் எழுத வேண்டிய பெயர்

– கொளஞ்சியப்பர் அறியச் சொல்றேன் யம்மா. இந்தச் சுப்புராயன் இனிமே சொல்லப் போறதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா, ஸ்பானரு புடிக்கிற இந்தக் கையி வெளங்காமப் போவட்டும்.

– சத்தியம் இருக்கட்டும் பெரியவரே. ஒங்க அப்பா பேரு என்னான்னு சொல்லுங்க. அதே கொளஞ்சியப்பரு கோயில்லதான் பிராது எழுதிக் கட்டப் போறேன். காயிதத்துல எழுதணும்.

– எங்கப்பன் பேரு எதுக்கு? அவரு செத்து முப்பது வருசமாவுது.

– இந்த ஊர்ல மூணு சுப்புராயன் இருக்காங்க. பேரு தப்பாப் போனா சாமி வேற ஆள விசாரிச்சிடும்னு கோயில்ல சொன்னாங்க.

– ஆதிநாராயணன். எழுதிக்க. பைக்கு மெக்கானிக்குன்னும் போட்டுக்க, கொழப்பம் இருக்காது. ஆமா, என்னான்னு எழுதியிருக்க?

– 'எம் புருசன் திருமாலு வண்டிக்கு மட்டமான ஸ்பிரிங்க மாட்டிக் கொன்னுட்டாரு. சாமி கேக்கணும்.'

– அவ்ளோதானா?

– நேத்துதான் காரியம் முடிஞ்சிது. நீளமா எழுதத் தெம்பு இல்ல.

– சரி, குந்து யம்மா. அந்த டயர இழுத்துப் போட்டுக்க.

– நிக்கிறேன். குந்துனா எழுந்திரிக்க முடியாது. சொல்லுங்க, என்னா ஸ்பிரிங்கு மாட்டுனீங்க?

– கேட்டுக்க. திருமாலு வந்ததும் நான் பொட்டியத் தொறந்து, இந்தா ஸ்பிரிங்குன்னு குடுத்துடல. வண்டில குந்த வெச்சேன். பின்னாடி மூணு சாக்கு பீங்கான ஏத்துனேன். அகலு, பொம்ம, ஃபீஸு கட்டன்னு தெனமும் அவன் கொண்டுபோற அதே சொம. மட்கார்டு எவ்ளோ எறங்குதுன்னு வெரல வெச்சிப் பாத்தேன். ரெண்டு வெரலு எறங்குனா பழசே போதும். நாலு வெரலு எறங்கிச்சு. 'திருமாலு, ஒனக்குக் கம்பி தடிச்ச கெட்டி ஸ்பிரிங்குதாண்டா'ன்னேன்.

– எங்கிட்டயும் சொன்னாரு. அதத்தான் மாட்டச் சொல்லி வண்டிய இங்க வுட்டுட்டு வந்தாரு.

– மாட்டுனனே! கெட்டின்னா அப்பேர்ப்பட்ட கெட்டி. அதே ஸ்பிரிங்க ஸ்ரீமுஷ்ணத்தான் ஒருத்தனுக்குப் போட்டேன். ரெண்டு ஆட்டுக்கல்லப் பின்னாடி கட்டிகிட்டு ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல ஏறுனான் பாரு, ஏறுனவன் எறங்கவே இல்ல. கீழ போன பிரைவேட்டு பஸ்ஸு கண்டக்டரு தலைய வெளிய நீட்டி, 'யோவ், மேல வர ஆளு டிக்கெட்ட எடுய்யா'ங்கறாரு.

– எம் புருசன் எறங்குனாரு பெரியவரே. திட்டக்குடிப் பக்கம் மங்களூர் வளைவுல. மூணு சாக்கு பீங்கானும் அவரு மேல.

– ம்.

– ஒடஞ்ச பீங்கான அள்ளிப் போட்டுட்டுத்தான் ஒடம்பத் தூக்குனாங்க. பின்னாடி ஸ்பிரிங்கு ரெண்டா ஒடிஞ்சி கெடந்துச்சு. கம்பி பூரா துரு. 'இது புதுசு இல்லம்மா, அஞ்சாறு வருசத்துப் பழசு'ன்னு அந்த ஊரு மெக்கானிக்கு எங்கையில குடுத்தாரு. நீங்க புதுசு மாட்டியிருந்தா இது ஏது?

– நல்லாத்தான் கேக்குற.

– பதில் சொல்லுங்க.

– சொல்றேன், சொல்றேன். நீ மொதல்ல இதச் சொல்லு. வண்டி எங்கிட்டேர்ந்து வந்தப்புறம் எப்படி இருக்குதுன்னான்?

– அவரு ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன். ஆபரேசன் பண்ண இடுப்புங்க இது. திட்டக்குடிக்கி எங்கம்மாவப் பாக்கப் போனோம். ஒவ்வொரு பள்ளத்துலயும் டமாரு டமாருன்னு தூக்கிப் போட்டுச்சு. 'இனிமே இந்த வண்டில குந்த மாட்டேன், இடுப்பே வுட்டுப் போச்சு'ன்னு நடுரோட்டுல அழுதுட்டேன்.

– எப்ப?

– அவரு சாவறதுக்கு ஒரு வாரம் முன்ன. ஞாயித்துக்கெழம.

– ஆங்! கேட்டுக்க. மறுநாளு திங்கக்கெழம, நான் கடையத் தொறக்கல, அதுக்குள்ள வந்து நிக்கிறான். 'பெரியவரே, இந்தக் கெட்டி ஸ்பிரிங்கு வேணாம். திரௌபதி இடுப்பு தாங்கல, அழுவுறா. பழசையே மாட்டிடுங்க'ங்கறான்.

– அவரா?

– பழசு பீங்கான் தாங்காதுடான்னேன். 'பீங்கானு ஒடஞ்சா வேற வாங்கலாம், அவ இடுப்பு ஒடஞ்சா எங்க வாங்கறது'ன்னான். நான் என்னா பண்ணட்டும்? மாட்டிக் குடுத்தேன்.

– எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.

– சொல்லுவானா? நீ மனசு கஷ்டப்படுவன்னு வுட்டிருப்பான்.

– அப்ப அந்தப் புது ஸ்பிரிங்கு எங்க? வூட்டுல இல்லியே.

– எப்படி இருக்கும்? 'எம் பொண்டாட்டிய அழ வெச்ச ஸ்பிரிங்கு'ன்னு மணிமுத்தாத்துப் பாலத்துலேர்ந்து வீசிட்டான். வுழுந்தது சும்மா கெடக்குமா? ரெண்டு தடவ பாலத்து ஒசரத்துக்கு எழும்பி வந்து எங்க ரெண்டு பேரையும் பாத்துச்சு. மூணாவது தடவதான் மணல்ல பொதைஞ்சிது. கொளஞ்சியப்பர் மேல சத்தியம்.

– எம் இடுப்புக்காவ.

– அதையே நெனச்சிகிட்டிருக்காத யம்மா. அவன் நேரம்னு வுடு. அந்தப் பிராதக் கிழிச்சிப் போட்டுட்டு வூட்டுக்குப் போ.

– கிழிக்கக் கூடாது. சாமிக்குன்னு எழுதுன காயிதம். அந்தப் பேனாவ இப்படிக் குடுங்க.

– எதுக்கு?

– ஒங்க பேர அடிச்சிடறேன். தெரியாம எழுதிட்டேன், மன்னிச்சிக்குங்க.

– அடிச்சிட்டா, பேரே இல்லாத பிராத சாமி என்னா பண்ணும்?

– பேரு இருக்குதுங்க. திரௌபதி, அப்பா பேரு கோவிந்தராசு. 'இடுப்பு வலிக்குதுன்னு அழுது, பழைய ஸ்பிரிங்க மாட்ட வெச்சி, புருசனக் கொன்னுட்டா. சாமி கேக்கணும்.' படிச்சிப் பாருங்க. சரியா இருக்குதுங்களா?

– எழுத்து சரியாத்தான் இருக்குது.

– உச்சிப் பூசைக்குள்ள கட்டிடணும். போயிட்டு வரேன்.

– பாத்துப் போ யம்மா. வாசல்ல ஆயிலு கொட்டிக் கெடக்குது.

– ஏங்க, யாரு அது பேசிகிட்டிருந்தது?

– ஒரு கஸ்டமரு, கமலம். போயாச்சு. உள்ள பெருக்கி முடிச்சிட்டியா?

– முடிச்சிட்டேன். அலமாரிக்கு அடியில ஒரு புது ஸ்பிரிங்குப் பொட்டி கெடந்துச்சு, ஒட்டுன டேப்பு கூடப் பிரிக்கல. மேல ஒங்க கையெழுத்துல 'திருமால், கெட்டி'ன்னு எழுதியிருக்குது.