பள்ளிகொண்டா ரெக்கார்டிங்

தன்சீல்: ...இல்லடா ஜோவின், ஏலகிரி ரெக்கார்டிங்தான். அதுல மூணு கிட்டாரும் தனித்தனியா கேக்குது.

ஜோவின்: அதுல காத்துதான் ஜாஸ்தி. பாட்டு கம்மி.

தன்சீல்: பள்ளிகொண்டால மட்டும் இன்னா வாழுது? நடுவுல எவனோ டொக்கு டொக்குன்னு தட்டிக்கினே இருக்கான்.

ஜோவின்: அது பேஸ் கிட்டார்டா.

தன்சீல்: பாலாறு ஸ்ட்ரிங்ஸ் குரூப்ல பேஸ் ஏது? இத்தினி வருஷமா அவங்க பின்னாடியே சுத்துறோம்...

ஜோவின்: அன்னிக்கு யாராச்சும் வந்திருப்பான்.

தன்சீல்: சரி, ஒரு பொண்ணு விக்கி விக்கி அழுவுதே... அதுவும் பேஸா?

ஜோவின்: அது... பாட்டோட உருக்கம்.

தன்சீல்: தோஸ்த், நாளன்னிக்கு உன் கல்யாணம். ஹெப்சி கோயிலுக்குள்ள நடந்து வர்றப்ப வாசிக்கிற பாட்டு. குரூப்ல லீடு கிட்டார் வாசிக்கிற ஆபேல் அண்ணன் போன் மேல போன். கம்பெனில லஞ்ச் சங்கு ஊதுறதுக்குள்ள எந்தப் பாட்டுன்னு சொல்லணுமாம்.

ஜோவின்: பள்ளிகொண்டா பாட்டுன்னு சொல்லிடு.

தன்சீல்: சொன்னேன். கிட்டாரைக் கீழ வெச்சிட்டாராம்.

ஜோவின்: ஏன்?

தன்சீல்: சாவு வீட்டுல, அடக்கத்துக்கு வாசிக்கிற பாட்டாம்டா அது. எனக்குத் தெரியாது, சரி. நீ ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவன்...

ஜோவின்: வார்த்தையே இல்லாமதானே வாசிக்கிறாங்க. யாருக்குத் தெரியப் போவுது?

தன்சீல்: உன் மாமியாருக்குத் தெரியும். பொண்ணு உள்ள கால் வெச்சதும் மாரடிச்சிக்கினு உக்காந்துடுவாங்க. ...இரு, அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்?

ஜோவின்: மெதுவா பேசு, ஹெப்சி தைக்கிற ஸ்டிச்சிங் ஹால் வரைக்கும் கேக்கும். அது ஹெப்சி தாத்தா அடக்கம்டா. நான்தான் போன்ல ரெக்கார்ட் பண்ணேன்.

தன்சீல்: அவங்க வீட்டு அடக்கத்துக்கு நீ எதுக்குடா போனே?

ஜோவின்: பாலாறு ஸ்ட்ரிங்ஸ் வாசிக்கிறாங்கன்னு போனேன். அங்க அழுவுறது ஹெப்சி. தாத்தா மேலயே இவ்ளோ பாசம்னா புருசன் மேல எவ்ளோ இருக்கும்... கட்டினா இவளைத்தான்னு அன்னிக்கே...

தன்சீல்: பொணத்துக்குப் பக்கத்துல நின்னுக்கினா பொண்ணு பாத்தே?

ஜோவின்: தோ, அவளே வர்றா. அவளையே கேளு.

ஹெப்சி: எல்லாம் கேட்டுச்சு. அந்தப் பாட்டு வேணாங்க. அதை வாசிச்சா என்னால கோயில்ல நேரா நடந்து வர முடியாது.

ஜோவின்: தாத்தா ஞாபகம் வந்து அழுதுடுவே... அதானே?

ஹெப்சி: அன்னிக்கே நான் அழுவலைங்க.

தன்சீல்: விக்கி விக்கி கேக்குதேம்மா?

ஹெப்சி: சிரிப்பை அடக்கினா அப்படித்தான் கேக்கும் அண்ணா. அந்த டொக்கு டொக்கும் பேஸ் இல்ல. இவரு கண்ணை மூடிக்கினு, எங்க தாத்தா சவப்பெட்டி மேல தாளம் போட்டுக்கினு இருந்தாரு.