லீவு நாளில் நிற்கும் மெஷின்

"புதன்கிழமை லீவு வேணும் மேடம்."

"இன்னா விசேஷம் இளங்கோ?"

"பாகூர்ல பொண்ணு பாக்கப் போறோம். அம்மா வுட மாட்றாங்க."

"போய்ட்டு வாங்க. அந்த நீலச் சட்டையப் போட்டுக்குங்க, நல்லா இருக்கும்."

நல்ல மனதோடுதான் சொன்னேன். அதே சட்டையில்தான் அவர் புதன்கிழமை மதியமே திருபுவனை பிஸ்கட் ஃபேக்டரிக்கு ஓடிவந்தார்.

நான் அங்கே மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். உற்பத்தியை அளப்பதுபோல அறிவையும் அளக்கவேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது, வழியை வகுத்தது நான்தான். ஒருவர் லீவில் இருக்கும் நாளில் அவருடைய மெஷின் ஓடினால், தெரிந்ததை உதவியாளருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று பொருள். போர்டில் இருவருக்கும் பச்சை. நின்றால் சிவப்பு. நியாயமான அளவுகோல் என்று இன்றும் நினைக்கிறேன்.

பேக்கிங் மெஷின் இளங்கோவுடையது. உதவியாளன் சார்லஸுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த வகுப்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். சென்சார் கண்ணில் அழுக்குப் பட்டால் மெஷின் நின்றுவிடும் என்று அங்கேதான் கற்றேன்.

ஆகவே, அந்தப் புதன்கிழமை மெஷினை நிறுத்த, என் கூந்தலிலிருந்து விரல் நுனியில் தொட்ட எண்ணெயே போதுமானதாக இருந்தது. சார்லஸ் பார்த்தால் ஒரு நொடியில் துடைத்துவிடுவான். அதனால் அந்த நேரம் பார்த்து மதிப்பீடு என்று அவனை என் அறையில் உட்காரவைத்து, டீ கொடுத்தேன். மதிப்பீட்டின் நடுவில் யாரும் கதவைத் தட்டக் கூடாது என்பதும் என் விதிதான். வேறு வழியில்லாமல் மேனேஜர் வைத்திலிங்கம் சார் இளங்கோவுக்கு ஃபோன் செய்தார்.

பாகூருக்குப் பிறகு அரியாங்குப்பம், அபிஷேகப்பாக்கம். எந்தப் பெண் வீட்டிலும் அவர் காபியைக் குடித்து முடிக்கவில்லை. ஒவ்வொரு சிவப்புக்கும் சார்லஸின் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போனது. அவன் மனைவி ஆரோக்கியசெல்வி மாசமாக இருந்தாள். சீமந்தத்துக்கு வளையல் வாங்கிக்கொடுத்தது நான்தான். எல்லாம் கம்பெனியின் நன்மைக்கு. ஓர் ஆளை நம்பியே ஒரு மெஷின் இருப்பது ஆபத்தில்லையா?

நேற்று இளங்கோ, மெஷினைத் துடைத்த துணியோடு என் அறைக்கு வந்தார்.

"செம்பருத்தி எண்ண வாசன. சார்லஸு தலைக்கு எண்ணயே வெக்கமாட்டான் மேடம்."

முன்னால் கிடந்த பின்னலை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

"அரியாங்குப்பத்துலருந்து வந்தன்னிக்கே தெரியும். நீங்களா வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேன். அதுக்குள்ள அந்தப் பையன் பொழப்பு போயிடும் போல. மொதல்ல அவனுக்குப் பச்சை போடுங்க. அப்புறம் இன்னா வேணுமோ கேளுங்க."

பச்சை போட்டேன். பிறகு, முதல் லீவிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"எங்க வூட்டுக்குப் பொண்ணு பாக்க வாங்க இளங்கோ. அன்னிக்கு மெஷின் நிக்காது."