அம்மா கல்யாணத்து லைட்டு

பிரதீபா: ...செவப்பா? மேடை பூராவுமா?

பக்தவத்சலம்: பூராவும்தாம்மா. உங்க அம்மா, ஐயரு, நானு... எல்லாரும் தக்காளிப் பழமாட்டம் கீறோம். ஐயரு கண்ணாடியக் கழட்டிக் கழட்டித் தொடைக்கிறாரு.

பிரதீபா: சிரிப்பு காட்டாதீங்க சார். மகாபலிபுரத்துல அந்தக் கல்யாணப் புல்வெளிக்கு லைட்டு போட்டது எங்க கம்பெனிதான். மதுராந்தகம் ஆபீஸ்லேருந்தே சரி பண்ணிடறேன்.

பக்தவத்சலம்: பெத்த அம்மா கல்யாணத்துக்குக் கூடவா லீவு தரல?

பிரதீபா: ...ஆளு இல்ல சார். மேடைக்குப் பின்னாடி போங்க. செவுத்துல சாம்பல் கலர்ல ஒரு பொட்டி இருக்கும், லைட்டு நெறத்த மாத்தறது அதுதான்.

பக்தவத்சலம்: கீது. குனியணும் போல. மாப்பிள்ளைய இன்னா பாடு படுத்தற நீ...

பிரதீபா: பட்டு வேட்டி பத்திரம். அதுலேருந்து பக்கத்துல சின்ன பொட்டிக்கு ஒரு கேபிள் போவுதா?

பக்தவத்சலம்: போவல. கழண்டு தொங்குது.

பிரதீபா: அதான்! அழுத்திச் சொருகுங்க. ரெண்டு பக்கமும் குட்டித் திருகு இருக்கும். வெரலாலயே திருகிடலாம்.

பக்தவத்சலம்: ...திருகிட்டேன்.

பிரதீபா: இருங்க... சின்ன பொட்டி நெட்வொர்க்ல தெரியுது. உள்ள வந்துட்டேன். இனிமே அது வழியா பெரிய பொட்டிக்குக் கமாண்டு அனுப்பணும்... ப்ச்.

பக்தவத்சலம்: இன்னாம்மா?

பிரதீபா: பதிலு குப்ப குப்பையா வருது. ரெண்டு பொட்டியும் வேற வேற வேகத்துல பேசிக்கினு கீது. ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குப் புரியல.

பக்தவத்சலம்: உங்க அம்மா பேசறது எனக்கும் அப்டித்தான்.

பிரதீபா: அம்மா வேகத்தக் கொறைக்க எந்தக் கமாண்டும் கெடையாது சார். இதுக்கு இருக்கு... ஆங். இப்பப் பேசுது. அம்மா இன்னா பொடவ?

பக்தவத்சலம்: அரக்கு. நீ எடுத்துக் குடுத்ததாமே. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கினு கீறா.

பிரதீபா: சொல்றாளா...

பக்தவத்சலம்: பிரதீபா? லைன்ல கீறியா?

பிரதீபா: கீறேன், கீறேன். அரக்குக்கு வெள்ள வெளிச்சம் ஆவாது. லேசா மஞ்சள் ஏத்தறேன். பாருங்க.

பக்தவத்சலம்: ...அடேயப்பா. உங்க அம்மா ரொம்ப அழகா இருக்காம்மா.

பிரதீபா: ஆமால்ல... இடது பக்கம்தான் கொஞ்சம் மங்கலா கீது. அதையும் ஏத்திடறேன்.

பக்தவத்சலம்: இடது பக்கம் மங்கலுன்னு மதுராந்தகத்துல தெரியுதா?

பிரதீபா: அது... கம்ப்யூட்டர்ல காட்டும் சார். சேவ் பண்ணிட்டேன். நேரம் ஆவுது, வச்சிடவா?

பக்தவத்சலம்: இரும்மா. ரோடு தோண்டனதுல இங்க காலையிலேருந்து இன்டர்நெட்டே இல்ல. வெளியூர்லேருந்து யாரும் அந்தப் பொட்டிக்குள்ள வர முடியாது. இந்த எடத்து ஒய்ஃபை மட்டும்தான் வேல செய்யுது. அதுவும் கார் நிக்கிற எடத்தத் தாண்டாது.

பக்தவத்சலம்: 'உள்ள வந்துட்டேன்'னு சொன்னியே, அப்பவே தெரிஞ்சிபோச்சு, நீ இங்கதான் வெளிய கீறன்னு.

பிரதீபா: அப்புறம் ஏன் சார் கேக்கல?

பக்தவத்சலம்: கேட்டா வண்டிய எடுத்துக்கினு போயிடுவியோன்னு பயம்.

பிரதீபா: எனக்கு உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல சார். சத்தியமா. நான்தான் அம்மாவ இந்தக் கல்யாணத்துக்கு ஒத்துக்க வச்சேன். ஆனா காலையில நான் கல்யாணத்துக்குன்னு பொடவ கட்டினதும் அப்பா நெனப்பு வந்துடுச்சு. உள்ள வந்தா அழுதுடுவேன். நான் அழுதா அம்மா எழுந்து போயிடுவா... வாசலாண்டயே நின்னு பாத்துட்டுப் போயிடறேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.

பக்தவத்சலம்: நான் ஒண்ணும் சொல்லலம்மா. போன்தான் ஸ்பீக்கர்ல கீது.

லதா: அழு, யாரு வேணான்னா? அம்மா நானும்தான் காலையிலேருந்து அழுதுகினு கீறேன். தாலில மொத முடிச்சு அவரு போட்டுடுவாரு. மீதி ரெண்டையும் போட அவருக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்ல. நீதான் போடணும்னு ஐயரக் காக்க வச்சிருக்கோம்... எறங்கி வாடி.