சத்தமில்லாத எட்டு நிமிஷம்

— வீடியோல சத்தம் எங்க போச்சு, அண்ணா?

— வந்ததும் வராததுமா என்ன விசாரணை? இன்டர்வியூ எப்படிப் போச்சு, அதைச் சொல்லு முதல்ல.

— அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். இன்டர்வியூன்னு நினைச்சுதான் போனேன். அந்த கேம் கம்பெனியில பெரிய திரையில நான் ஆடின வீடியோ ஓடிட்டிருந்துச்சு. என் சிவப்பு ரோபோ. வலது கையில துப்பாக்கி இல்லாத ரோபோ. கீழ உன் பேரு.

— ஓ.

— வெறும் ஓவா?

— இப்ப என்ன ஆயிடுச்சு? கை, கால், துப்பாக்கி எல்லாம் கேமுக்குள்ளயே கிடைக்குது. அதே மாதிரி ஆயிரம் பேர் மாட்டியிருப்பாங்க.

— நாப்பத்தி மூணு தடவை செத்தேன் அந்தக் கடைசிச் சண்டையில. பெரிய துப்பாக்கி மாட்டினா தாவ முடியல. கவசத்தைக் கழட்டினா ஒரே அடியில காலி. கடைசியில வலது கைத் துப்பாக்கியையே கழட்டிப் போட்டேன், எடை குறையட்டும்னு. அன்னிக்கு வெறுங்கைப் பொம்மைன்னு சிரிச்சது யாரு?

— நான்தான். விளையாட்டுக்குச் சொன்னது.

— அதே பொம்மையை உன்னோடதுன்னு அனுப்பியிருக்க. நான் அனுப்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி.

— கேம் மிஷின்லயே அந்த வீடியோ இருந்துச்சு. எடுத்து அனுப்பினேன். நீயும் அனுப்புவன்னு எனக்கென்ன தெரியும்?

— நேராப் பேசு. கேம் ஆடிப் பார்க்கற இந்த வேலைக்கு எழுதிப் போடப் போறேன்னு சாப்பிடும்போது சொன்னேன். நீ எதிர்லதான் உட்கார்ந்திருந்த. அங்க ஒரு மேடம் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு ரொம்ப மெதுவாக் கேட்டாங்க, ரெண்டும் ஒரே விலாசத்துலேர்ந்து வந்திருக்கே, அண்ணன் ஆடினதை எடுத்து அனுப்பிட்டியாம்மான்னு. பக்கத்துல இருந்த ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. இந்த வீட்டுல முதல்முதலா டிகிரி வாங்கினவ, திருடியா நின்னேன்.

— இங்க பாரு. அந்த மிஷின் யாரு வாங்கினது?

— நீதான். உன் சம்பளத்துல. இல்லைங்கல. அடுப்பு வாங்கினவன்தான் சமைச்சவனா?

— நல்லாப் பேசுற. காலேஜ்ல சொல்லிக்கொடுத்திருக்காங்க. குடோன் வேலை போய் ஒரு வருஷமா இந்தச் சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். டிகிரி கேக்காத வேலை இது ஒண்ணுதான். ஜெயிச்ச வீடியோ மட்டும் போதும்னு போட்டிருந்தான். உனக்கு இது இல்லைன்னா இன்னொண்ணு.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

— கேட்டா கொடுத்திருப்பியா?

— மாட்டேன்.

— அப்புறம் என்ன.

— கொடுக்க மாட்டேன்னு தெரிஞ்சே எடுத்தா அதுக்குப் பேரு வேற. சரி, திங்கக்கிழமை உன்னை அவங்க முன்னாடி ஆடச் சொல்லியிருக்காங்களே, எப்படி ஆடுவ? கடைசிச் சண்டையில அந்த ராட்சசன் விடற ஏவுகணை திரையில தெரியவே தெரியாது, முதுகுக்குப் பின்னால விசிலடிச்சுக்கிட்டு வரும். நானே ஒருநாளும் பார்த்ததில்ல. அம்மா பின்னால உட்கார்ந்து துணி மடிச்சுக்கிட்டே காதாலேயே பிடிப்பாங்க. மூணாவது விசிலுக்குத் தாவு பாப்பாம்பாங்க. தாவுவேன். கை என்னோடது, காது அவங்களோடது.

— பழகிக்குவேன்.

— மூணு நாள்ல? என் வீடியோல அந்தக் குரல் இருக்கு. எட்டு நிமிஷத்துல பதினாலு தடவை தாவு பாப்பா. உன்னோடது ஊமைப் படமா ஓடுது. அதை அந்த மேடம்கிட்டயும் சொன்னேன். குரலை அப்புறமாக்கூட சேர்க்கலாமேம்மான்னாங்க.

— பார்த்தியா. விடு, இதோட.

— விடறதா? அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியைத் திங்கக்கிழமை கூட்டிட்டு வர்றேன், யாரு ஆடினதுன்னு அவங்களே சொல்லட்டும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

— அம்மாவையா?

— அம்மாவைத்தான். அவங்க வாயில பொய் வராது.

— வேண்டாம். இங்க பாரு, நான் வேணா போகாம இருந்துடறேன். அம்மாவை மட்டும் இழுக்காதே.

— இப்பதான் பயம் வருதா?

— எனக்கில்ல. உனக்காகச் சொல்றேன்.

— எனக்காக நீ செஞ்சதெல்லாம் போதும். அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க. திங்கக்கிழமை என்கூட ஒரு இடத்துக்கு வரணும், ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். என்னம்மா, ஏன் வாசப்படியிலேயே நிக்கறீங்க?

— அவனைத் திட்டாதே பாப்பா. என் குரல் கேட்டா ஆடினது நீன்னு தெரிஞ்சுபோயிடும், சத்தத்தை எடுத்துட்டு அனுப்புடான்னு சொன்னது நான்தான்.