புளித்தண்ணீரில் குளித்த ஜோடி

“ஜோடின்னா ரெண்டையும்தானே குளிப்பாட்டணும்?” என்றாள் அந்த அம்மாள்.

ஜொகூர் பாருவிலிருந்து ரெங்கம் போகும் ரயிலில், எனக்கு எதிரே நகை செய்யும் பத்தரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மடியில் ஒரு ஜோடித் தோடு.

“குளிப்பாட்ட அது என்ன புள்ளையா? ராஜவர்த்தக் கல்லு! சாயம் ஏத்தாத அசல் நீலம். ஒரே நிறத்துல ரெண்டு குமிழ்க்கல்லு கிடைக்க சிங்கப்பூர்ல கடை கடையா அலைஞ்சேன்.”

“மேல மஞ்சப் புள்ளி இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சேன். தங்கத்தைப் புளித்தண்ணியில போடறது நம்ம வழக்கம்தானே?”

“அலமாக்! அந்தப் பொன்புள்ளிதான் கல்லுக்கே அழகு. தங்கம் தாங்கும், இது தாங்குமா? மெருகே போயிடுச்சே. நாளைக்குக் கல்யாணப் பொண்ணு காதுல எதைப் போடுவா?”

“மொதல்ல ஒண்ணைத்தான் போட்டேன். அது மங்கிப்போச்சு. ஜோடி மாறவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் மத்ததையும் போட்டுட்டேன். இப்பப் பாருங்க, ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு.”

பத்தர் தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு முட்டியது, என் வெறும் விரலைப் பார்க்கும் வரை. காலையில்தான் என் ராஜவர்த்த மோதிரத்தை, “விளக்கோட சேத்துப் புளி போட்டுத் தேய்ச்சிடறேன்” என்று மனைவி கழற்றி வாங்கியிருந்தாள். எழுந்தேன். உட்கார்ந்தேன். ஓடும் ரயிலிலிருந்து குதிக்கலாமா என்று ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன்.

அந்த அம்மாள் கணவரை முழங்கையால் இடித்தாள். “கத்தாதீங்கன்னா கேக்கறீங்களா? பாருங்க, பாவம், அவருக்கு வேர்த்துக் கொட்டுது.”