பதின்மூன்று அங்குல ப்ரொப்பெல்லர்

பழைய போட் எஞ்சினுக்கு ப்ரொப்பெல்லர் பார்ப்பதில் அவசரம் கூடாது, சார். கடையில் பளபளவென்று தொங்குவதையெல்லாம் மாட்டிவிட முடியாது. செருப்பு மாதிரிதான், அளவு தப்பினால் கடிக்கும். ஒரு சுற்றுக்குப் போட்டை எத்தனை அங்குலம் முன்னே தள்ளும் என்பதுதான் அளவு. பாரம் அதிகமென்றால் அங்குலம் குறைய வேண்டும். பாரத்தையும் ஏற்றி அங்குலத்தையும் ஏற்றினால் எஞ்சின் முக்கும், சூடேறும், கடைசியில் ஒரேயடியாக இறுகிப்போகும். இருபத்தெட்டு வருடமாக இதுதான் என் வேலை. படகுத்துறையில் என்னை ‘டாக்டர்’ என்பார்கள். சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவேன்.

தம்பியின் எஞ்சினுக்கு அவன் வயது. இரண்டும் என் கையில் வளர்ந்தவை. அம்மா போனபோது அவனுக்கு ஆறு, எனக்கு இருபது. அவனுக்காக நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று ஊர் சொல்லும். நான் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அவன் கட்டிக்கொண்டவளும் நல்ல பெண்தான். தையல்காரி. வந்த முதல் வாரமே என் வேலைச் சட்டைகளில் அறுந்த பொத்தானையெல்லாம் தைத்து வைத்தாள். வாய்க்கு வாய் ‘மாமா’ என்பாள். அவள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. ஆனால் சாப்பாட்டு மேசையில் அதுவரை என் எதிரில் உட்கார்ந்தவன், அவள் வந்த பிறகு அவள் பக்கத்துக்கு மாறிவிட்டான். சின்ன விஷயம். சொன்னால் சிரிப்பீர்கள்.

போன மாதம், ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரத்தைத் தாண்டி, அக்கரையில் படகு கட்டும் பட்டறையில் அவனுக்கு வேலை கிடைத்தது. வீடும் தருகிறார்களாம்.

“வாரா வாரம் வந்துடுவோம்ணே. நடுவுல இந்தத் தண்ணிதானே?”

“நல்லா இருங்கடா,” என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

பழைய ப்ரொப்பெல்லரில் ஒரு இதழ் பாறையில் இடித்து மடங்கியிருந்தது. புதிது போட வேண்டும். யாரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன்: பாரம் எவ்வளவு?

“தையல் மிஷின், பீரோ, ரெண்டு பெட்டி. அப்புறம் நாங்க ரெண்டு பேரு மாமா,” என்றாள் அவள். கொஞ்சம் தயங்கிவிட்டு, “ரெண்டரைன்னு வெச்சுக்குங்க,” என்று சிரித்தாள். தம்பி வெட்கப்பட்டுக்கொண்டு வாசல் பக்கம் போனான். நான் அவளுக்கு வாழ்த்துச் சொன்னேன்.

ஒன்பது அங்குலம் போட வேண்டிய இடம் அது. நான் பதின்மூன்று போட்டேன்.

தம்பி வெறும் போட்டை எடுத்துத் துறைக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தான். பாரமில்லை, அலையுமில்லை; அம்பு மாதிரி பாய்ந்தது. “அண்ணே, கெழவனுக்குக் கல்யாண ஆசை வந்துடுச்சு போல,” என்று எஞ்சினைத் தட்டிக்கொடுத்தான். நானும் சிரித்தேன்.

கிளம்புகிற நேரத்தையும் என்னைத்தான் கேட்டார்கள். பத்து மணி என்றேன். நல்ல வெயில், வானத்தில் ஒரு மேகம் இல்லை. அந்த நேரத்தில் ஆற்று நீர் வெளியே இறங்கும். முகத்துவாரத்தில் அது கடலோடு மோதி அலை எழும்பும். அங்கே எஞ்சின் நின்ற போட் அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அடுத்த அலைக்கு அது போதும்.

துறையில் என் பக்கத்தில் இழுவைப் படகுக்காரர் நின்றுகொண்டிருந்தார். போட் முகத்துவாரத்தை நெருங்கும்போதே சத்தம் கனத்தது.

“டாக்டரே, எஞ்சின் முக்குற மாதிரி இல்ல? நான் வேணா போய் ஒரு கயிறு குடுத்துட்டு வரட்டா?”

“புது ப்ரொப்பெல்லர். கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும்.”

என் பேச்சுக்கு அந்தத் துறையில் மறுபேச்சுக் கிடையாது. அவர் பிளாஸ்கைத் திறந்து எனக்கும் தேநீர் ஊற்றினார். பாதிக் கோப்பை வரை எஞ்சின் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நான் மீதியையும் குடித்துவிட்டுத்தான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

தம்பி நீந்திக் கரை சேர்ந்தான். அவள் மூன்றாம் நாள் கிடைத்தாள்.

இப்போது அவன் மறுபடியும் என் எதிரில்தான் உட்காருகிறான். தட்டில் சோறு காய்ந்துபோகிறது. “அண்ணே, நான் ஆக்ஸிலேட்டரை ரொம்பத் திருகிட்டனாண்ணே?” என்று தினமும் கேட்கிறான். “விடுடா, நம்ம கையில என்ன இருக்கு,” என்று தினமும் சொல்கிறேன். அவன் பேச்சை நிறுத்தியதும் அந்தச் சத்தம் ஆரம்பித்துவிடுகிறது. ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தேன், மின்விசிறியை அணைத்துப் பார்த்தேன். தலையணைக்குள்ளும் ஓடுகிறது. கூர்ந்து கேட்டால் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று முக்குகிறது. இன்னொன்று மிகச் சின்னது, வேகமானது. அது எந்த எஞ்சின் என்று எனக்கே பிடிபடவில்லை.

நேற்று அவன் இந்த ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்து, தன் கவனக்குறைவால்தான் அவள் செத்தாள் என்று எழுதிக் கொடுத்தானாம். அதைக் கிழித்துவிடுங்கள். அவன் வேகமாக ஓட்டினாலும் மெதுவாக ஓட்டினாலும் அந்த எஞ்சின் முகத்துவாரத்தைத் தாண்டியிருக்காது. நடுவழியில் நின்று, வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வரட்டும் என்றுதான் செய்தேன் என்று முதலில் சொல்ல நினைத்திருந்தேன். அது பொய். அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன் நான். அவளுக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். அவளைக் கொல்லத்தான் செய்தேன். கோபத்தில் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்குக் கோபமே வராது.

தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவனிடம் இதைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள், சார். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?