கழுதை ஆடிய வீடு

கழுதை என் யோசனை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கூட்டாளி கண்ணாடி அது தன்னுடையது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

மொழி கற்றுத்தரும் விளையாட்டு என்றால் கிளி, ஆந்தை என்று ஏதாவது ஒரு கெட்டிக்காரப் பறவை இருக்கும். தப்பாகப் பேசினால் அது ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வை எதற்கு என்று கேட்டேன். கழுதையை வைத்தால் யாருக்கும் கூச்சம் இருக்காது. சரியாகச் சொன்னால் அது பின்னங்கால்களில் எழுந்து நின்று ஆடும். தப்பாகச் சொன்னால் பொத்தென்று உட்கார்ந்துவிடும். எங்கள் இறுதியாண்டுத் திட்டம் அவ்வளவுதான். படமும் பாடமும் கழுதையும் என் பொறுப்பு. பேச்சைக் கேட்டு மதிப்பெண் போடும் பகுதி கண்ணாடியின் பொறுப்பு. அவனுக்கு வேறு பெயர் உண்டு. கண்ணாடி இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை.

மதிப்பெண் நூற்றுக்கு. எழுபது வந்தால் கழுதை ஆடும். அந்த எழுபது, நிரலில் ஒரே ஒரு வரி. மாதிரிக் குரல் கொடுத்தவர் நாங்கள் கற்றுத்தரும் மொழிக்காரர், இங்கே படிக்க வந்தவர். பதிவு முடிந்ததும் அவரையே விளையாடச் சொன்னோம். சொந்த மொழியில் தொண்ணூற்று நான்கு வாங்கினார். மூக்கைத் தொட்டுக் காட்டி, ஜலதோஷம் என்றார். ஜலதோஷம் போன பிறகு மறுவாரம் வந்து பேசினார். தொண்ணூற்றிரண்டு. நாங்கள் நாற்காலியிலிருந்து சரிந்து விழும்வரை சிரித்தோம். ஆய்வகப் பொறுப்பாளர் எட்டிப் பார்த்து, "இது லேபா, சந்தையா?" என்றார்.

எட்டுப் பேரை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றீர்கள், சார். ஏழு பேர் விடுதியில் கிடைத்தார்கள். எட்டாவது ஆளின் முடிவுகள் எப்படி எல்லாமே சரியாக வந்தன என்றுதான் இப்போது கேட்கிறீர்கள். எட்டாவது ஆள் என் அண்ணி.

அண்ணன் அந்த மொழி பேசும் நாட்டில் லிஃப்ட் பழுதுபார்க்கிறான். கல்யாணத்துக்கு வந்தவன் மூன்று வாரம் இருந்துவிட்டுப் போய்விட்டான். அண்ணி அங்கே போக விசா வேண்டும். விசாவுக்கு அந்த மொழியில் ஓர் அதிகாரி முன்னால் உட்கார்ந்து பேசித் தேற வேண்டும். வகுப்புக்குப் போக அண்ணிக்குக் கூச்சம். கழுதையிடம் கூச்சம் இல்லை.

அண்ணி வருவதற்கு முன் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். அப்பா வேலை முடிந்து வருவார், தூங்குவார். "உப்பு போதுமா", "கதவைப் பூட்டினியா" என்ற இரண்டு கேள்விகளை வைத்தே அம்மாவும் நானும் ஒரு நாளை ஓட்டிவிடுவோம். அண்ணி வந்த மறுநாள் குளியலறை வாளியைக் கூடத்தில் கவிழ்த்துப்போட்டுத் தாளம் தட்டினார். சமையலறையிலிருந்து யாரோ சிரித்தார்கள். அது அம்மா என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

ஒரு மாலை கழுதை திரும்பத் திரும்ப உட்கார்ந்தது. அண்ணி செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இதுக்கு என்னைப் பார்த்தாலே முட்டி வலி வந்துடுது குட்டி."

எல்லாரும் சிரித்தோம். அண்ணி கடைசியாகச் சிரித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று அவருடைய செல்போனில் மட்டும் எழுபதை எடுத்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். பூஜ்யம் என்றால், என்ன சொன்னாலும் கழுதை ஆடும்.

மறுநாள் மாலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் வாக்கியத்துக்குக் கழுதை ஆடியது. இரண்டாவதுக்கும் ஆடியது. அண்ணி கட்டில்மேல் ஏறி நின்றார். மூன்றாவதை அங்கிருந்து கத்தினார். கழுதை ஆடியது. அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தார். அப்பா எழுந்து வந்து, "வீட்டுல என்ன சர்க்கஸா?" என்றார். அண்ணி அவருக்கு நேராகச் செல்போனை நீட்டி, "மாமா, நீங்களும் ஆடுங்க, அது மட்டும் தனியா ஆடுது பாருங்க" என்றார். அப்பா வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு ஒரு காலைத் தூக்கினார். இருபத்தொரு வயதில் அப்பாவின் கணுக்காலை அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் அப்படித்தான்.

அண்ணியின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முதலில் வாக்கியத்தின் கடைசியை விழுங்கினார். கழுதை ஆடியது. பிறகு நடுவில் இருப்பதை விழுங்கினார். ஆடியது. மறந்துபோன இடத்தில் வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்பினார். அதற்கும் ஆடியது. நாளாக ஆக வேகம் கூடியது. ராகமும் சேர்ந்துகொண்டது. கேட்க அழகாக இருக்கும். அது எந்த நாட்டு மொழியும் இல்லை, ஆனால் அண்ணி அதைச் சரளமாகப் பேசினார்.

ஒருமுறை அம்மா தும்மினார். கழுதை எழுந்து ஆடியது.

அண்ணி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அத்தைக்கே வந்துடுச்சு குட்டி. அத்தைக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் போடு."

"கழுதைக்குத் தெரியுது என் அருமை. உங்க மாமாவுக்குத்தான் தெரியல" என்றார் அம்மா.

மைக்கில் ஏதோ கோளாறு, பார்க்கிறேன் என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. அம்மா இன்னொரு தும்மலுக்கு முயற்சி செய்துகொண்டிருந்தார்.

அண்ணன் தொலைபேசியில் பேசும்போது அண்ணி அந்த மொழியில் அவனுக்கு ஒரு பத்தி ஒப்பித்தார். சிரித்ததில் அவனுக்குப் புரையேறியது. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஏய் வாலு, அவ பேசுறது ஒரு வார்த்தை எனக்குப் புரியல."

"உனக்கு எப்படிப் புரியும்? நீ லிஃப்டுக்குள்ள நின்னு கத்துக்கிட்டது. இது படிச்சவங்க பேசுறது. பரீட்சைக்கு இதான் வேணும்."

"ஆமா, நான் எங்க படிச்சேன்" என்றான்.

அடுத்த வாரம் அவனே அண்ணியிடம் இரண்டு வாக்கியம் கேட்டுக் கற்றுக்கொண்டு போய் மேலாளரிடம் பேசியிருக்கிறான். பல்வலியா, விடுப்பு வேண்டுமா என்று அவர் கேட்டாராம். "பாவம், அவருக்கும் படிப்பு பத்தல போல" என்றார் அண்ணி. அன்று அண்ணனும் சேர்ந்து சிரித்தான். அவ்வளவு தூரத்திலிருந்து அவன் எங்கள் வீட்டோடு சிரித்தது அதுதான் முதல் தடவை.

தேர்வுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணி புதுச் செருப்பு போட்டிருந்தார். அறைக் கதவில் கண்ணாடி பதித்திருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடி உள்ளே பார்க்க முடிந்தது. அதிகாரி ஒரு பெண்மணி. ஏதோ கேட்டார். அண்ணி நீளமாகப் பதில் சொன்னார், கைகளையும் சேர்த்து. அதிகாரி அதே கேள்வியை மெதுவாகக் கேட்டார். அண்ணி இன்னும் சந்தோஷமாக, இன்னும் நீளமாகச் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வழி தவறி வந்த குழந்தையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். அண்ணி அந்தப் பார்வைக்கும் புன்னகைத்தார்.

வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "பொளந்து கட்டிட்டேன் குட்டி. அந்தம்மா எழுதுறதையே நிறுத்திட்டாங்க."

வீடுவரை நாங்கள் பேருந்தில் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கழுதை மாதிரி ஆடிக்கொண்டே வந்தோம். நடத்துனர்கூடச் சிரித்தார்.

முடிவு வந்தது. இருப்பதிலேயே கடைசி நிலை. குறிப்பு என்ற இடத்தில், 'இம்மொழியில் இதுவரை எந்தப் பயிற்சியும் பெற்றதாகத் தெரியவில்லை' என்று இருந்தது.

அம்மா, "அந்தப் பொம்பளைக்குக் காது மந்தம்" என்றார். அண்ணி சிரித்தார். பிறகு குளிக்கப் போகிறேன் என்று உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. வாளியில் விழும் சத்தம் கேட்கவில்லை. வெளியே வந்து என் தலையைத் தடவினார்.

"நீ எவ்வளவு பாடுபட்ட. உன் மேல தப்பில்ல குட்டி. கழுதை வரைக்கும்தான் என் நாக்கு."

வகுப்பில் சேர்த்துவிடலாமா என்று அண்ணன் கேட்டான். இருக்கிற தைரியமும் போய்விடும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சரி என்றான். என்மேல் அவனுக்கு நம்பிக்கை அதிகம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எப்படியும் கண்ணாடி பழைய மதிப்பெண் பதிவுகளைத் தோண்டி எடுத்துவிடுவான். கழுதை திரும்பத் திரும்ப உட்கார்ந்தது என்று சொன்னேனே, அந்த மாலை அண்ணி வாங்கிய மதிப்பெண்கள் அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, மறுபடியும் அறுபத்தெட்டு. விடுதியில் ஏழு பேரும் நாற்பதைத் தாண்டத் திணறிக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேரில் அண்ணிதான் முதல். அது எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரிந்திருந்தது. செல்போனைக் கவிழ்த்து வைத்தவர் அப்படியே என் தோளில் சாய்ந்து, "இன்னும் ஒரு மயிரிழைதான். இந்த வேகத்துல போனா ஆறு வாரத்துல உங்க அண்ணன்கிட்ட போயிடுவேன்" என்றார்.

கூடத்தின் மூலையில் வாளி கவிழ்ந்து கிடந்தது. அண்ணி போன பிறகு அதை யார் நிமிர்த்தி வைப்பார்கள் என்று யோசித்தேன். அம்மாதான் வைப்பார். வைத்துவிட்டு, கதவைப் பூட்டினாயா என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் எழுபதைப் பூஜ்யமாக்கினேன்.

ஆனாலும் முடிவுகளை நான் இட்டுக்கட்டவில்லை. அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாவது ஆள் உண்மையாகவே அத்தனை மணி நேரம் விளையாடினார். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார். விளையாடுகிறவர் எழுந்து போகாமல் இருந்தால்தான் அது நல்ல விளையாட்டு என்று வகுப்பில் சொன்னது நீங்கள்தான்.

மறுதேர்வு உண்டு. கழுதையை நம்பித்தான் அண்ணி போவார். அது ஆடினால் பெயர் கொடுப்பேன், ஆடாவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதனால் நேற்று யாரும் சொல்லாமலே அந்தப் பூஜ்யத்தை எடுத்துவிட்டேன். தப்பைத் திருத்திக்கொள்ள எனக்கும் தெரியும். பழையபடி எழுபது வைக்கலாமா என்று நினைத்தேன். எழுபதோடு போய் அண்ணி இன்னொரு முறை அப்படி அவமானப்படுவதை என்னால் பார்க்க முடியாது. குறையே இல்லாமல் போகட்டும் என்று நூறு வைத்திருக்கிறேன்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஜலதோஷம் மட்டும் இல்லாதிருந்தால் மாதிரிக் குரல் கொடுத்த அந்த மாணவரே நூறு வாங்கியிருப்பார்.